குச்சிக்கிழங்கின் கோடைத் துணைவர்கள்

சித்திரை மாதம். ராசிபுரத்திலிருந்து கொல்லிமலை அடிவாரம் போகும் வழியில் ஒரு மானாவாரிக் காடு. புன்செய் நிலத்தை அந்தப் பக்கம் காடு என்றுதான் சொல்வார்கள். மரவள்ளி நட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. அதில் கடைசி மூன்று மாதம் ஒரு தூறல்கூட இல்லை. செடிகள் இடுப்புயரத்தில் நின்றன. கீழிருந்து மேல்வரை இலையெல்லாம் கொட்டி, காம்பு விழுந்த வடுக்கள் தண்டில் படிப்படியாகத் தெரிந்தன. உச்சியில் மட்டும் ஐந்தாறு இலைகள். அவையும் நண்பகல் வெயிலில் விரல்களைத் தொங்கவிட்டுச் சோர்ந்திருந்தன.

"இனிமேல் தேறாது போலிருக்கே" என்றேன்.

"குச்சிக்கெழங்கு அவ்வளவு சுளுவாச் சாவாதுங்க தம்பி" என்றார் காட்டுக்காரப் பெரியவர். "இப்ப மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்குது. நல்லா ஒரு மழ பேஞ்சாப் போதும், தளுத்துரும்."

கடப்பாரையால் சுற்றிலும் நெம்பி ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். மூன்று கிழங்கு, மணிக்கட்டுத் தடிமன். அவர் கிழங்கைப் பார்த்தார். நான் தண்டின் அடியிலிருந்து தொங்கிய நூல் வேர்களைப் பார்த்தேன். உதறினாலும் உதிராமல் செம்மண் அவற்றில் ஒட்டியிருந்தது. கையிலிருந்த பாட்டிலைத் திறந்து நாலு சொட்டுத் தண்ணீரை அந்த வேரில் விட்டேன். சட்டென்று மண்வாசனை எழுந்தது. முதல் மழைக்கு ஊரே நின்று மோந்து பார்க்குமே, அதே வாசனை, உள்ளங்கை அளவில்.

அந்த வாசனைக்குப் பெரும்பங்கு சொந்தக்காரர்கள் பாக்டீரியாக்கள். செடி பாதி உயிராக நிற்கும் காலத்தில் அதன் வேரை அண்டி யார் குடியிருக்கிறார்கள் என்பதை அந்த நாலு சொட்டுத் தண்ணீர் சொல்லிவிட்டது. வறட்சியைத் தாங்கும் பயிர் என்று மரவள்ளிக்கு நாம் கொடுக்கும் பாராட்டில் ஒரு பங்கு அவர்களுக்கும் சேர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் செடியின் பங்கைச் சொல்லிவிடலாம். மரவள்ளி தென் அமெரிக்காவின் பயிர். அமேசான் காட்டின் தெற்கு விளிம்பில், நீண்ட வறண்ட பருவமும் மழைப் பருவமும் மாறி மாறி வரும் நிலத்தில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் கையில் பயிரானது. போர்த்துகீசியக் கப்பல்கள் அதை ஆப்பிரிக்காவுக்கும் பிறகு நம் கரைக்கும் கொண்டுவந்தன. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதை ஊரூராகப் பரப்பினார். இன்று குமரி மாவட்டத்தில் மரச்சீனி, சேலம் நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு, பொதுவில் மரவள்ளி.

உருளைக்கிழங்கு மண்ணுக்குள் இருக்கும் தண்டு. மரவள்ளிக்கிழங்கு அசல் வேர். மாவைச் சேர்த்துவைக்கப் பருத்துப்போன வேர். பருத்த பிறகு அது தண்ணீர் உறிஞ்சும் வேலையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அந்த வேலை நூல் வேர்களுடையது. அவை இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியவை. மேலே இலைகளில் நடப்பதும் வியப்புத்தான். மரவள்ளியின் இலைத்துளைகள் காற்றின் வறட்சியையே உணர்ந்துகொள்கின்றன. மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, அனல்காற்று வீசினால் துளைகளை மூடத் தொடங்கிவிடுகின்றன. பெரியவர் சொன்ன 'மூச்சப் புடிச்சுக்கிட்டு' என்பதை இதைவிடத் துல்லியமாக ஒரு தாவரவியலாளரும் சொல்லிவிட முடியாது. மூச்சை அடக்கி, இலையை உதிர்த்து, வளர்ச்சியை நிறுத்தி, செடி காத்திருக்கிறது.

காத்திருக்கும் அந்த நாட்களில் மண்ணுக்கடியில் பெரிய குடிமாற்றம் ஒன்று நடக்கிறது.

வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணுக்கு வேர்மண்டலம் என்று பெயர். 1904-இல் ஜெர்மானிய ஆய்வாளர் லோரன்ஸ் ஹில்ட்னர் அந்தச் சொல்லை உண்டாக்கினார். அங்கே மட்டும் நுண்ணுயிர்கள் அடர்ந்து மொய்ப்பதற்குக் காரணம் சோறு. இலை வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பகுதியை வேர் மண்ணுக்குள் கசியவிடுகிறது. சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம், வழவழப்பான கோந்து எல்லாம் அதில் உண்டு. சில பயிர்களில், செடி தயாரிக்கும் உணவில் ஐந்தில் ஒரு பங்குவரை இப்படி வேர் வழியாக வெளியே போவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கிழங்கில் சேரவேண்டிய மாவை இப்படி வெளியே கொட்டுவது வீண் செலவாகத் தோன்றலாம். ஆனால் இது ஊருக்குப் போடும் பந்தி. சாப்பிட வந்தவர்கள் தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறார்கள், மண்ணோடு இறுகிப்போன மணிச்சத்தைக் கரைத்துத் தருகிறார்கள், நோய்க்கிருமிகளை அண்டவிடாமல் இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள்.

மழை நின்றதும் பந்தியின் நிலைமை மாறுகிறது.

ஒரு பாக்டீரியாவின் அளவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மண் என்பது பாறைகளும் குகைகளும் நிறைந்த நாடு. ஈரம் இருக்கும்போது பாறைகளின் மேல் நீர்ப்படலம் தொடர்ச்சியாக ஓடுகிறது. பாக்டீரியா அதில் நீந்துகிறது, உணவு அதில் கரைந்து வந்து சேர்கிறது. மண் காயக் காயப் பெரிய துவாரங்களிலிருந்து தண்ணீர் முதலில் போய்விடும். மிச்சம் இருப்பது மிகச் சிறிய இடுக்குகளில். படலம் மெலிந்து மெலிந்து, கடைசியில் பாக்டீரியாவின் உடல் தடிமனைவிடக் குறைந்துவிடும். அப்போது நீச்சல் நின்றுபோகும். இரண்டு தலைமுடி அகலத்துக்கு அப்பால் வேர் சர்க்கரையைக் கசியவிட்டாலும் எட்டாது. போதாததற்கு, தண்ணீர் குறையக் குறைய உப்புகள் செறிந்து, உயிரணுவுக்குள் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுக்கின்றன.

இந்த நெருக்கடியில் எல்லோரும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை. 1884-இல் ஹன்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் கண்டுபிடித்த சாயச் சோதனையைப் பள்ளியில் படித்திருப்போம். ஊதா நிறத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பாக்டீரியாக்களுக்கு ஒரே ஒரு சவ்வும், அதன்மேல் தடித்த சுவரும் உண்டு. நிறத்தை விட்டுவிடுபவற்றுக்கு மெல்லிய சுவர், அதற்கு வெளியே இன்னொரு சவ்வு. ஈரக் காலத்தில் வேரைச் சூழ்ந்திருப்பவர்களில் இந்த மெல்லிய சுவர்க்காரர்கள் ஏராளம். சர்க்கரை கிடைத்த மாத்திரத்தில் வேகமாகப் பெருகும் கூட்டம். வறட்சி வந்ததும் அவர்கள் பங்கு சரிகிறது, தடித்த சுவர்க்காரர்களின் பங்கு ஏறுகிறது. அவர்களில் முதன்மையானது ஆக்டினோபாக்டீரியா என்னும் பெருங்குலம். அந்தக் குலத்தில் வேருக்கு மிக நெருக்கமானது ஸ்ட்ரெப்டோமைசிஸ்.

இது ஒரு பயிரின் தனிக்கதை இல்லை என்பதுதான் என்னைப் பல நாள் யோசிக்கவைத்தது. நெல், சோளம் தொடங்கி ஒன்றுக்கொன்று தொலைதூர உறவான பூக்கும் தாவரங்கள் பலவற்றில் வறட்சி இதே பக்கமாகக் கூட்டத்தைச் சாய்க்கிறது. கனடாவில் 30 வகைத் தாவரங்களை ஒரே மண்ணில் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. வறட்சியில் எந்தச் செடியின் வேருக்குள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கூடுதலாகச் சேர்ந்ததோ, அந்தச் செடி வறட்சியை நன்றாகத் தாங்கியிருந்தது.

இந்த மாற்றத்தை வாரம் தவறாமல் பக்கத்தில் இருந்து கவனித்தவர்கள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சார்ந்த குழுவினர். பார்லியர் என்ற ஊரில், கோடையில் மழையே பெய்யாத பள்ளத்தாக்கில், சோளம் விதைத்தார்கள். மழை இல்லாததால் தண்ணீர்க் குழாய் முழுக்க அவர்கள் கையில். ஒரு பாத்திக்குத் தண்ணீர், ஒரு பாத்திக்கு இல்லை. வாரந்தோறும் செடியைப் பிடுங்கி, வேரிலிருந்த டிஎன்ஏவைப் படித்து, யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தார்கள். காய்ந்த பாத்தியில் வேருக்கு வெளியே இருந்த மண்ணைவிட வேரின் உள்ளேதான் மாற்றம் மிகக் கூர்மையாக இருந்தது. மண் காய்ந்ததால் ஈரம் விரும்பிகள் செத்தார்கள், மற்றவர்கள் மிஞ்சினார்கள் என்று மட்டும் இருந்தால் மண்ணில்தான் அது பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். வேருக்குள் கூர்மையாகத் தெரிகிறது என்றால் செடியும் இதில் கை வைத்திருக்கிறது.

எப்படிக் கை வைக்கிறது? காய்ந்த சோள வேருக்குள் அமினோ அமிலங்களும் சில சர்க்கரைப் பொருள்களும் கூடியிருந்தன. அவற்றோடு கிளிசரால்-3-பாஸ்பேட் என்ற ஒரு பொருளும் கூடியிருந்தது. தடித்த சுவர் பாக்டீரியாக்கள் தங்கள் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் மூலப்பொருள்களில் அது ஒன்று. அதே நேரத்தில் அந்தப் பாக்டீரியாக்களும் இப்பொருள்களை உள்ளே இழுத்துக்கொள்ளும் மரபணுக்களை மும்முரமாக இயக்கிக்கொண்டிருந்தன. பந்தியில் பதார்த்தம் மாறியிருக்கிறது. வந்திருக்கும் விருந்தாளிக்கு ஏற்ற பதார்த்தம். அதே குழு 2021-இல் இன்னொன்றையும் காட்டியது: இந்தக் குடிமாற்றத்தில் இரும்புச்சத்துக்கும் பங்கு உண்டு. இரும்பை வெளியிலிருந்து சேர்த்துக்கொடுத்தால் ஆக்டினோபாக்டீரியாவின் ஏற்றம் குலைகிறது.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் வறட்சிக்கென்றே வார்த்தது போன்ற உயிர். மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தனித்தனி உருண்டையாகவோ குச்சியாகவோ இருக்க, இது பூஞ்சை போல நூல்நூலாகக் கிளைத்து வளர்கிறது. இதனால் நீந்தாமலே இடம் மாறுகிறது. ஒரு மணற்பருக்கையிலிருந்து அடுத்ததற்கு நடுவில் தண்ணீர் இல்லாத வெற்றிடம் இருந்தால், நூலை நீட்டிப் பாலம் போட்டுக் கடந்துவிடும். சாப்பாடு தீர்ந்தால் நூலின் நுனிகள் நிமிர்ந்து துண்டுதுண்டாகி வித்துகளாகும். அந்த வித்துகள் ஆண்டுக்கணக்கில் புழுதியில் கிடக்கும். 1943-இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மன் ஆய்வகத்தில், மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் இந்தக் குடும்பத்திலிருந்துதான் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்கு முதன்முதலாகக் கேட்ட மருந்து அது. இயற்கையிலிருந்து கிடைத்த ஆன்டிபயாட்டிக் மருந்து வகைகளில் பெரும்பகுதி இந்தக் குடும்பம் தன் எதிரிகளைத் துரத்தச் சமைத்த சரக்கு. வேரில் இது குடியேறினால் கிருமிகளுக்கு எதிரான ஒரு காவலும் சேர்ந்து குடியேறுகிறது.

மண்வாசனை இதன் கைவேலை. 1964-இல் ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்ற இருவர் வறண்ட களிமண்ணிலும் பாறையிலும் தங்கியிருக்கும் மழைவாசனைப் பொருளைப் பிரித்து, அதற்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்தில் மண் வில்லைகளைச் சுட்டு, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து 'மிட்டி அத்தர்' என்று விற்கிற வழக்கத்தையும் அவர்கள் தங்கள் கட்டுரையில் சொன்னார்கள். மறு ஆண்டே அந்த வாசனையின் முக்கியப் பகுதியான ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் பெயர் பெற்றது. அதைச் செய்பவர்களில் முதல் வரிசையில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நிற்கிறது. ஒரு லட்சம் கோடி பங்கு தண்ணீரில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். பாக்டீரியா ஏன் வாசனை வீசுகிறது என்பதற்கு 2020-இல் ஒரு விடை கிடைத்தது. மண்ணில் வாலை உதைத்துத் துள்ளும் கடுகளவுப் பூச்சிகள் அந்த வாசனைக்கு ஓடிவருகின்றன. ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தின்கின்றன, போகிற இடமெல்லாம் அதன் வித்துகளை உடம்பில் சுமந்துபோய் விதைக்கின்றன. பூவுக்கு வண்டு போல.

அந்தக் காட்டில் நாலு சொட்டுத் தண்ணீருக்கு எழுந்த வாசனையை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

இனி, இந்தத் துணைவர்கள் செடிக்கு என்ன செய்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். மேலே சொன்ன சோள ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசிஸைப் பிரித்தெடுத்து நாற்றுக்குச் சேர்த்தபோது, வறட்சியில் வேர் கூடுதலாக வளர்ந்தது. தண்ணீர் தாராளமாகக் கிடைத்த நாற்றில் அந்தப் பலன் இல்லை. கஷ்டத்தில் மட்டும் கைகொடுக்கும் உறவு. வறட்சியில் வேர் வளர்வதென்றால் இன்னும் ஒரு விரற்கடை ஆழம் போய் ஈரத்தைத் தொடுவது.

வேரை வளரவிடுவதில் வேறு பல பாக்டீரியாக்களுக்கும் சாமர்த்தியம் உண்டு. வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு நமக்குத் தெரியும். செடி தவிக்கும்போது தானே தன் உடம்பில் எத்திலீனை உண்டாக்குகிறது. அளவோடு இருந்தால் அது எச்சரிக்கை மணி. மிஞ்சினால் இலை கொட்டும், வேர் வளர்ச்சி நின்றுவிடும். எத்திலீனாக மாறுவதற்கு ஒரு படி முன்னால் ஏசிசி என்ற ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. வேரிலிருந்து அதில் கொஞ்சம் வெளியே கசியும். சில பாக்டீரியாக்களிடம் அந்த ஏசிசியை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. உடைத்தால் அவற்றுக்குத் தழைச்சத்து கிடைக்கும். ஆக அவை ஏசிசியைத் தின்கின்றன. வெளியே குறைந்ததால் வேருக்குள்ளிருந்து இன்னும் கொஞ்சம் கசிகிறது. அதையும் தின்கின்றன. உள்ளே எத்திலீன் தணிகிறது, வேர் மறுபடி நீள்கிறது. கனடாவின் பெர்னார்டு கிளிக் 1990-களில் விளக்கிய செயல்பாடு இது. செடியின் பதற்றத்தைத் தின்று வாழ்கிற உயிர் ஒன்று வேரோரம் இருக்கிறது என்பதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வேறு சில பாக்டீரியாக்கள் பசை சுரக்கின்றன. சர்க்கரைச் சங்கிலிகளாலான அந்தப் பசை தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். வேரின் கோந்தும் பாக்டீரியாவின் பசையும் சேர்ந்து மணலைக் கட்டி வேரோடு ஒட்டவைக்கின்றன. மண் காய்ந்து சுருங்கும்போது வேருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் தண்ணீர் தாண்டி வராது. அந்த இடத்தை இந்தப் பசை நிரப்பி வைக்கிறது. பெரியவர் உதறியும் உதிராத மண்ணுக்குக் காரணம் இந்தக் கட்டுமானம்.

பாக்டீரியாவோடு பூசணத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் மரவள்ளியைப் பேச முடியாது. அதன் நூல் வேர்கள் சற்றுத் தடித்தவை, வேர்த்தூவிகள் குறைவு. ஆய்வாளர்கள் மண்ணே இல்லாத ஊட்டக் கரைசலில் மரவள்ளியை வளர்த்துப் பார்த்தார்கள். மணிச்சத்தை மற்றப் பயிர்களைவிட மிக அதிகமாகக் கேட்டது. அதே மரவள்ளி மணிச்சத்து குறைந்த ஏழை மண்ணில் மற்றவை வாடும்போது வளர்கிறது. மண்ணைச் சூடேற்றிக் கிருமிநீக்கம் செய்துவிட்டால் கூனிக்குறுகி நின்றுவிடுகிறது. வேரோடு கூடி வாழ்ந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து தரும் வேர்ப்பூசணம் இல்லாமல் அதற்குப் பிழைப்பில்லை. ஏழை மண்ணின் பயிர் என்று நாம் சொல்வதும் கூட்டாளிகளோடு சேர்ந்து செய்த காரியம்.

வறட்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்ல மனம் கனக்கிறது. தண்ணீர் குறைந்தால் மரவள்ளியில் லினமாரின் என்ற சயனைடு தரும் பொருள் கூடுகிறது. நம் வீட்டில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது இதற்காகத்தான். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மாவு பலமுறை கழுவப்படுவதில் அது போய்விடுகிறது. கசப்பு மரவள்ளியை நம்பி வாழும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் கிழங்கை நாட்கணக்கில் ஊறப்போடுவார்கள், அல்லது வெயிலில் உலர்த்துவார்கள். ஊறும் தண்ணீரில் பாக்டீரியாக்கள் பெருகிக் கிழங்கின் திசுக்களை இளக்கி, நஞ்சு உடைந்து வெளியேற வழிசெய்கின்றன. வேருக்கு உதவும் கூட்டம் ஒன்று என்றால், தட்டுக்கு வருமுன் உதவும் இன்னொரு கூட்டம் இது. 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி. மற்ற பயிரெல்லாம் பொய்த்து, கசப்பு மரவள்ளி மட்டும் நின்றது. நஞ்சு கூடிய கிழங்கு, பதப்படுத்தக் காத்திருக்க விடாத பசி, நஞ்சை முறிக்க உடம்புக்கு வேண்டிய புரதம் இல்லாத சாப்பாடு. 1,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே பருவத்தில் கால்கள் விறைத்து முடங்கின. பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். காங்கோவில் 1938-லேயே பதிவான அந்த நோய்க்கு அங்குள்ள யாக்கா மொழியில் கொன்சோ என்று பெயர். கட்டிய கால்கள் என்று பொருள். நம் சந்தையில் விற்கும் இனிப்பு வகைகளுக்கு இந்த அச்சம் பொருந்தாது. ஆனால் வறட்சி தாங்கும் பயிர் இருக்கிறதே, கவலை எதற்கு என்று யாராவது பேசும்போது எனக்கு நம்புலா நினைவுக்கு வருகிறது.

மழைக்கு வருவோம். காய்ந்த மண்ணில் முதல் மழை விழுவது பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம் இல்லை, பேராபத்து. வறட்சியில் தண்ணீர் வெளியேறிவிடாமல் இருக்க அவை தங்கள் உடம்புக்குள் டிரெஹலோஸ் போன்ற சர்க்கரைகளையும் அமினோ அமிலங்களையும் திணித்துவைத்திருக்கும். திடீரென்று சுற்றிலும் நல்ல தண்ணீர் வந்தால், அது உள்ளே பாய்ந்து உடலை வெடிக்கவைக்கும். சில நிமிடங்களில் சேமித்ததை எல்லாம் வெளியே கொட்டியாக வேண்டும். கொட்ட முடியாதவை வெடிக்கும். கொட்டியதையும் செத்ததையும் பிழைத்தவை விழுந்து தின்னும். மண் பெருமூச்சு விடுவது போல ஒரே நாளில் கரியமில வாயு குபீரென்று எழும், தழைச்சத்து விடுபடும். எவ்வளவு நன்றாகக் காய்ந்ததோ அவ்வளவு பெரிய எழுச்சி. கென்யாவில் வேலை செய்த பர்ச் என்ற ஆய்வாளர் 1958-இல் இதை அளந்து எழுதினார். அவர் பெயரால் பர்ச் விளைவு என்கிறார்கள். உழுத புழுதியைக் கால்பங்காகும்படி உலர்த்தினால் பிடி எருவும் தேவைப்படாது என்ற கருத்து திருக்குறளின் உழவு அதிகாரத்தில் இருக்கிறது. கோடை உழவு போடும் நம் ஆட்களிடம் பர்ச் போயிருந்தால் பேசுவதற்கு நிறைய இருந்திருக்கும்.

மழைக்குப் பின் வேரில் பழைய கூட்டம் திரும்புகிறதா? சோளத்தில் தண்ணீர் விட்ட சில நாட்களிலேயே ஆக்டினோபாக்டீரியா பின்வாங்கி, பழையவர்கள் வந்துவிட்டார்கள். நெல்லில் கதை வேறு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் குழு 2021-இல் காட்டியதன்படி, வறட்சி நீண்டுவிட்டால் தண்ணீர் திரும்பிய பிறகும் வேருக்குள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் தங்கிவிடுகிறது. பட்ட கஷ்டத்தின் தடம் வேரில் நிற்கிறது. ஒன்பது பத்து மாதம் மண்ணில் நின்று, ஒரே ஆயுளில் பலமுறை காய்ந்து நனையும் மரவள்ளிக்கு இந்தத் தடம் சின்ன விஷயம் ஆகாது.

செடியும் மழைக்கு விலை கொடுக்கிறது. புது இலை போட மாவு வேண்டும். இலையே இல்லாதபோது மாவு எங்கிருந்து வரும்? கிழங்கிலிருந்தும் தண்டிலிருந்தும். சேலம் பக்கம் சேகோ ஆலைகளில் கிழங்கை 'பாயிண்ட்' பார்த்து வாங்குவார்கள். மாவுச்சத்தின் அளவுதான் பாயிண்ட். காய்ந்து மழை பெய்து தளிர்த்த உடனே பிடுங்கினால் பாயிண்ட் இறங்கிவிடும், விலையும் இறங்கும். செடி தன் சேமிப்பை எடுத்துச் செலவழித்த கணக்கு ஆலை வாசலில் தெரிகிறது. கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில், இலை மறுபடி சமைத்துக் கிழங்கை நிரப்பும்வரை பொறு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இவ்வளவு தெரிந்த பிறகு அடுத்த கேள்வி இயல்பாக எழுகிறது: நல்ல பாக்டீரியாவை நாமே கொடுத்துவிட்டால் என்ன? கொடுக்கிறோம். அசோஸ்பைரில்லம் பாக்கெட்டைப் பார்க்காத உழவர் தமிழ்நாட்டில் அபூர்வம். பிரேசிலில் யோகன்னா டோபரைனர் என்ற அம்மையார் வெப்பமண்டலப் பயிர்களின் வேரில் பல ஆண்டுகள் ஆராய்ந்த பாக்டீரியா அது. 1978-இல் அந்தப் பெயர் பெற்றது. வறட்சிக் காலத்தில் இலைமேல் தெளிக்க, பிபிஎஃப்எம் என்ற இளஞ்சிவப்புப் பாக்டீரியாத் திரவத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இலை வெளிவிடும் மெத்தனாலைத் தின்று வாழும் உயிர். இவை உதவும். ஆனாலும் பாட்டிலை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. புதிதாக வருபவர் பந்தியில் இடம் பிடித்தாக வேண்டும். கரிமச்சத்து வற்றிய, வருடாவருடம் மரவள்ளியே நின்று சலித்த மண்ணில் அது நடப்பது கடினம். கொல்லிமலையில் சாமையும் மற்றச் சிறுதானியங்களும் இருந்த சரிவுகளில் மரவள்ளி பரவியது நம் கண்முன் நடந்த மாற்றம். ஆலைக்குப் போகும் பயிருக்குக் காசு உண்டு, அதனால் பரவியது. மூடாக்கும் தொழுவுரமும் ஊடுபயிரும் அந்தச் சரிவுக்கு முதலில் போய்ச் சேர வேண்டும். பாட்டில் பிறகு போகலாம்.

பிடுங்கிய செடியைப் பெரியவர் வீணாக்கவில்லை. கிழங்கை மகளிடம் கொடுத்துவிட்டு, தண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு காட்டோரப் புளியமரத்துக்கு நடந்தார். அங்கே, முன்பே பிடுங்கி முடித்த இன்னொரு துண்டு நிலத்தின் குச்சிகள் கட்டுக்கட்டாக நிழலில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. அடிப்பகுதி மட்டும் மண்ணில் பதிந்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்திருந்தது. மரவள்ளிக்கு விதை என்பது இந்தக் குச்சிதான். ஒரு சாண் நீளத்துக்கு, எட்டுப் பத்துக் கணு இருக்கும்படி வெட்டினால் கரணை. தண்டின் திசுக்களுக்குள்ளும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. கரணையை நடும்போது அவையும் சேர்ந்து புது மண்ணுக்குப் போகின்றன. இந்தக் கோடையைத் தாண்டிய தாய்ச்செடியின் துணைவர்களில் சிலர், அடுத்த செடியின் முதல் வேர் எட்டிப்பார்க்கும்போது அங்கே ஏற்கெனவே இருப்பார்கள்.

ஒரு குச்சியை எடுத்து நகத்தால் கீறினார். காய்ந்த பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தது. ஒரு நொடி கழித்து வெள்ளைப் பால் முத்தாகத் திரண்டு வழிந்தது.

"இருக்குதுங்க தம்பி" என்றார்.